ஏகாம்பரத்தின் வினைச்சொல்

ஏகாம்பரத்துக்கு வாக்கியத்தை ஆரம்பிக்கத்தான் தெரியும். முடித்துவைப்பது எதிரில் இருப்பவரின் முகம்.

"ஞாயித்துக்கிழமை உங்க அக்கா வீட்டு வளைகாப்புக்கு நான்..." என்று இழுப்பான். அந்த இழுவைக்குள் மனைவி தமயந்தியின் புருவத்தை ஒரு நோட்டம் விட்டுவிடுவான். புருவம் ஏறியிருந்தால் "வராம இருப்பேனா?" என்று முடியும். அவளே அலுப்பாக இருந்தால் "வந்துதான் ஆகணுமா என்ன?" என்று முடியும். வினைச்சொல்லைக் கடைசியில் வைத்த தமிழின் புண்ணியத்தில் பதினோரு வருடக் குடித்தனம் பெரிய சண்டை இல்லாமல் ஓடிவிட்டது. வாலாஜாபாத்தில் அவர்கள் தெருவில் அவனை நல்ல மனுஷன் என்றார்கள். நல்ல மனுஷன்தான், யார் இல்லை என்றது?

ஒரே ஒரு வாக்கியம் மட்டும் தமயந்திக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால், நமக்கென்று ஒரு குழந்தையைத் தத்து எடுத்துக்கொள்ளலாமா என்று அவள் கேட்டாள். "எனக்கும் அப்படி ஒரு எண்ணம் மனசுல..." என்றவன் நிறுத்தி, அவள் முகத்தைப் பார்த்து, "இருக்கு" என்று முடித்தான். இருக்கு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தானா, இல்லை என்று சொல்ல வந்தவன் முகத்தைப் பார்த்து மாற்றிக்கொண்டானா? தமயந்தி தாலுகா ஆபீஸில் சர்வேயர். எல்லைக்கல் எங்கே இருக்கிறது என்று தெரியாத நிலத்தில் அவளுக்குக் கால் தரிக்காது. மூன்று வருடமாக விதவிதமாகக் கேட்டுப் பார்த்தாள். அவன் விதவிதமாக அவள் முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னான்.

இதில் இன்னொரு கூத்து, அந்த வினைச்சொல் எதுவென்று ஏகாம்பரத்துக்கே தெரியாது. அடுத்தவர் முகத்திலிருந்தே எடுத்துப் பழகியவனுக்குத் தன் கையிருப்பு என்னவென்று எப்படித் தெரியும்? விண்ணப்பம் போட்டாயிற்று, செங்கல்பட்டுக் காப்பகத்தில் பூர்ணி என்ற நாலு வயதுப் பெண்ணையும் ஒருமுறை பார்த்தாயிற்று. இன்னும் அவனுக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் அந்தப் பொத்தான் வந்து சேர்ந்தது.

ஒரகடத்தில் காருக்கு பேட்டரி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் ஏகாம்பரம் ஷிஃப்ட் சூப்பர்வைசர். இயந்திரங்களும் அவற்றின் தலைமை எஞ்சினியர் லின் அம்மையாரும் சீனாவிலிருந்து வந்தவர்கள். தொழில் ரகசியம் வெளியே போய்விடும் என்று ஃபோனையும் மொழிபெயர்ப்புக் கருவியையும் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். உள்ளே போனால் வாய்தான் கருவி. ஏகாம்பரம் முட்டி மோதித் தொள்ளாயிரம் சீனச் சொற்களை மனப்பாடம் செய்திருந்தான். சொற்கள் வந்தன, வரிசை வரவில்லை. நமக்கு வாய்த்த வரிசையிலேயே எடுத்து அடுக்குவான்.

ஒருநாள் லின், டில்லிபாபு எங்கே என்று கேட்டார். "மெஷினைப் பிடிச்சுக்கிட்டிருக்கார் டில்லிபாபு" என்று நாம் சொல்வோம் அல்லவா, அதையே சொல்லுக்குச் சொல் சீனத்தில் வைத்தான். மெஷின், பிடி, டில்லிபாபு. சீனத்தில் ஐ, ஆல் என்ற வேற்றுமை உருபெல்லாம் கிடையாது. முன்னால் நிற்பவர் செய்தவர், பின்னால் நிற்பவர் மாட்டிக்கொண்டவர். லின் முகம் வெளுத்துப் போய்ச் சிவப்பு பட்டனை அழுத்த, மூன்று லைன் நின்று, ஆம்புலன்ஸ் வாசலுக்கு வந்துவிட்டது. டில்லிபாபு ஒரு கையால் மெஷின் மூடியைத் தாங்கிக்கொண்டு மறு கையால் கொட்டாவியை மறைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாளே மேனேஜர் அவனைக் கம்பெனி கிளினிக்குக்குக் கூட்டிப் போனார். அங்கே ஜுனைதா என்ற பெண், சட்டைப் பொத்தான் அளவில் ஒரு வில்லையைக் காட்டினாள். காதுக்குப் பின்னால் ஒட்டுவது.

"சார், வார்த்தையெல்லாம் உங்ககிட்ட இருக்கு. வரிசைதான் இல்ல. அத இது பாத்துக்கும்" என்றாள். "சீன வாக்கியம் ரொம்ப சுலபம். அஞ்சு நாற்காலின்னு வெச்சுக்குங்க. யாரு, எப்போ, எங்க, என்ன செய்யறாங்க, எதை. அவ்வளவுதான். நான், நேத்து, கேண்டீன் உள்ள, சாப்பிடு, இட்லி."

"சாப்பிடுவா? சாப்பிட்டேன் இல்லையா?"

"நேத்துன்னு சொல்லியாச்சே, அப்புறம் வினைச்சொல் வேற எதுக்கு மெனக்கெடணும்? நான், நீங்க, அவரு, அவ, எல்லாருக்கும் அதே சாப்பிடுதான். வாலே கிடையாது. முடிஞ்சுபோச்சுன்னா பின்னாடி ஒரு லெ, நம்ம ஆச்சு மாதிரி. கேள்வின்னா கடைசியில ஒரு மா. நம்ம 'வந்தியா'வுல வர ஆதான், முன்னாடி ஒரு ம் சேத்திருக்காங்க."

"சரி. இல்லைன்னு சொல்லணும்னா?"

"அத வினைக்கு முன்னாடியே சொல்லிடணும்."

ஏகாம்பரத்துக்கு லேசாக வியர்த்தது. தமிழில் 'மாட்டேன்' கடைசியில் வரும். அது வரைக்கும் நடந்து போவதற்குள் அவனுக்கு எப்போதும் தைரியம் தீர்ந்துவிடும், மாட்டேன் என்பது சரி என்று ஆகிவிடும்.

"ஒண்ணு சொல்லிடறேன் சார்" என்றாள் ஜுனைதா. "மூளையில வாக்கியத்துக்கு ஒரு சட்டம் மாட்டத்தான் எடம் இருக்கு. சீனச் சட்டத்த மாட்டினா உங்க தமிழும் அதுக்குள்ளதான் உக்காரும். கேக்கறது எல்லாம் புரியும், பேசறதுதான் மாறும். நாப்பத்தஞ்சு நாள் கழட்டக் கூடாது. அன்னிக்கு வந்து வேணாம்னு சொன்னீங்கன்னா பழைய தமிழ் திரும்பிடும். வேணும்னா அப்படியே உறைஞ்சுடும். வீட்டுல கேட்டுக்கிட்டு வரீங்களா?"

"ஆமா, வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான்..." என்று ஆரம்பித்த ஏகாம்பரம் மேனேஜர் முகத்தைப் பார்த்தான். மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "செய்யணும்னு என்ன இருக்கு, ஒட்டிடுங்க" என்று முடித்தான்.

அன்று மாலை வீட்டுக்குள் நுழைந்து, "நான் திரும்பு வீடு ஆச்சு" என்றான். தமயந்தி அவன் வாயை மோந்து பார்த்தாள். ஒரு வாசனையும் இல்லை. காதுக்குப் பின்னால் இருந்ததைக் காட்டி, ஒரு காகிதத்தில் எழுதியும் வைத்த பிறகுதான் விஷயம் புரிந்தது. எழுத்தும் அதே லட்சணத்தில்தான் வந்தது.

அந்த நேரம் பார்த்து அவள் அப்பா ஃபோன் செய்தார். "மாமா, நீங்க சாப்பிடு ஆச்சா?" என்றான் ஏகாம்பரம், மிகுந்த மரியாதையோடு. 'நீங்க' மட்டும் தப்பித்தது, வினைச்சொல்லில் இருந்த 'ங்க' எல்லாம் உதிர்ந்துவிட்டது. "நீங்க வா எங்க வீடு, மாமா. நீங்க எப்போ வா?"  அவர் மகளிடம் ஃபோனைக் கொடுக்கச் சொல்லி, "மாப்பிள்ளைக்கு வேலையில எதாவது ஒசத்தி குடுத்துட்டாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

சாப்பிட உட்கார்ந்தார்கள். பீர்க்கங்காய்க் கூட்டு.

"எப்படி இருக்கு?" என்றாள் தமயந்தி. பதினோரு வருடமாகக் கேட்கும் கேள்வி.

ஏகாம்பரம் வழக்கம்போல "நான்..." என்று ஆரம்பித்து அவள் முகத்தைப் பார்க்கத் திரும்பினான். திரும்பி முடிப்பதற்குள் வாய் முடித்துவிட்டது. "நான் இல்லை பிடி பீர்க்கங்காய்."

"என்னது?"

"நான் பதினோரு வருஷம் இல்லை பிடி பீர்க்கங்காய். நான் ஒவ்வொரு தடவை பார் உன் முகம், சொல் நல்லாருக்கு."

தமயந்தி கரண்டியைக் கீழே வைத்தாள். அவளுக்குக் கோபம் வந்தது, அது பீர்க்கங்காய்மேல் இல்லை. இத்தனை வருடமாக யாரோடு பேசிக்கொண்டிருந்தோம் என்ற ஆத்திரம். அது ஒரு ராத்திரியில் அடங்கிவிட்டது, ஏனென்றால் மறுநாள் காலையிலிருந்து அவளுக்கு ஒரு ருசி பிடித்துவிட்டது. ஹால் சுவருக்கு அடித்த பச்சை எப்படி? இல்லை பிடி. என் புது மூக்குக் கண்ணாடி? பிடி, ரொம்பப் பிடி. என் அண்ணன் பேசறது? இல்லை கேள், நடி கேள். இரண்டு வாரத்தில் அந்த வீட்டை மூலைக்கு மூலை அளந்து முடித்துவிட்டாள்.

ஒன்றை மட்டும் கேட்கவில்லை. பூர்ணியைப் பற்றி வாயே திறக்கவில்லை. கேட்டால் இப்போது நிஜமான பதில் வரும் என்று இருவருக்கும் தெரியும். அதனால்தான் அவள் கேட்கவில்லை, அதனால்தான் அவனும் அவள் அந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் குளிக்கப் போய்விடுவான். அந்தப் பதினைந்து நாளும் ஏகாம்பரம் குளித்ததுபோல் யாரும் குளித்திருக்க மாட்டார்கள்.

முப்பதாவது நாள் காப்பகத்துக்குப் போனார்கள். பூர்ணி தமயந்தியின் மடியில் ஏறி உட்கார்ந்து அவள் கண்ணாடியைக் கழற்றித் தான் போட்டுக்கொண்டாள். ஏகாம்பரம் குனிந்து, "நீ காலைல சாப்பிடு என்ன?" என்றான். குழந்தை அவனையே பார்த்தது. "நீ பிடி என்ன பொம்மை?" என்றான். பூர்ணி விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு காப்பகத்து அக்காவின் துப்பட்டாவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, "இந்த மாமாவுக்குப் பேசத் தெரியல" என்று சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். ஏகாம்பரமும் சிரித்தான். அன்று ராத்திரி அவனுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. காரணம் புரியவில்லை, காப்பகத்தில் கொடுத்த டீ என்று நினைத்துக்கொண்டான்.

நாற்பதாவது நாள் அரசு அதிகாரி வீட்டுக்கு வந்து கடைசியாக இருவரையும் விசாரிப்பார் என்று கடிதம் வந்தது. அவர் எழுதுவதுதான் முடிவு. தமயந்தி நேரே கிளினிக்குக்குப் போய் அதற்கு முன்னால் பொத்தானைக் கழற்ற முடியுமா என்று கேட்டாள். நடுவில் எடுத்தால் இரண்டு சட்டமும் இல்லாமல் வெறும் சொல்லாகக் கொட்டுவார் என்றாள் ஜுனைதா. தேதியை மாற்ற முடியுமா என்று அதிகாரியின் ஆபீஸில் கேட்டாள். இதை விட்டால் அடுத்த தேதிக்கு ஏழு மாதம் ஆகும், அதற்குள் குழந்தையை வேறு யாருக்காவது காட்டுவோம் என்றார்கள்.

கேண்டீனில் ஏகாம்பரம் லின் முன்னால் தட்டை வைத்துவிட்டு உட்கார்ந்தான். டில்லிபாபு விவகாரத்துக்குப் பிறகு லின்னுக்கு அவன்மேல் தனிப் பிரியம். பேசியது சீனத்தில், நாம் தமிழிலேயே கேட்டுக்கொள்வோம்.

"மேடம், உங்க ஊர்ல யாரும் மழுப்பவே மாட்டாங்களா?"

லின் இருமிவிட்டார். "யார் சொன்னது? எங்க பெரியப்பா மாதிரி மழுப்ப உலகத்துல ஆள் இல்ல."

"எப்படி முடியும்? வினைதான் பாதியிலேயே வந்துடுதே?"

"பாதிக்கு முன்னாடி என்ன இருக்கு? எப்போ, எங்க. அங்கதான் எடம் இருக்கு. நான், அடுத்த வருஷம், குளிர்காலம் முடிஞ்ச அப்புறம், மழை இல்லாத ஒரு நாள்ல, எங்க மாமனார் வீட்டுக்குப் பக்கத்துல இருக்கற டீக்கடையில... இப்படி எவ்வளவு வேணா அடுக்கலாம். அதுக்குள்ள எதிராளி களைச்சுடுவார்."

ஏகாம்பரத்துக்கு உயிர் வந்தது. அந்த ஒரு வாரமும் குளியலறையில் காலத்தையும் இடத்தையும் அடுக்கிப் பயிற்சி செய்தான்.

நாற்பதாவது நாள் காலை பத்து மணிக்கு அதிகாரி அமலோற்பவம் வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். இருபது வருடமாக இதே வேலை. சக்கரை இல்லாத காபி போதும் என்றார், வீட்டைச் சுற்றிப் பார்த்தார், பச்சைச் சுவரைப் பார்த்ததும் மட்டும் கண்ணைக் கொஞ்சம் சுருக்கினார். தமயந்தி பொத்தான் கதையை ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். மரியாதைக் குறைவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள்.

"எடுத்துக்க மாட்டேன்" என்றார் அமலோற்பவம். ஃபைலைத் திறந்தார். "அம்மாகிட்ட முன்னாடியே பேசியாச்சு. இப்ப சார்கிட்ட ஒரே கேள்விதான். எல்லார்கிட்டயும் கேக்கறதுதான். இந்தக் குழந்தை விஷயத்துல உங்க மனசுல என்ன இருக்கு?"

ஏகாம்பரம் முதுகை நிமிர்த்திக்கொண்டான்.

"நான்," என்றான். "நான் இன்னிக்கு, வெள்ளிக்கிழமை, காலை, பத்தரை மணி, காபி அப்புறம், இந்த வீடு உள்ள, ஹால் உள்ள, ஜன்னல் பக்கம், இந்த நாற்காலி மேல, நீங்க முன்னாடி..."

அமலோற்பவம் பேனாவோடு காத்திருந்தார். இருபது வருட அனுபவம், களைக்கிற மாதிரி தெரியவில்லை. ஏகாம்பரத்துக்கு அடுக்க நாளும் நேரமும் தீர்ந்துவிட்டன, இடங்களும் தீர்ந்துகொண்டிருந்தன. "என் மனைவி பக்கம்..." என்று சொல்லிக்கொண்டே தமயந்தியின் முகத்தைப் பார்க்கத் திரும்பினான்.

முகம் அங்கே இல்லை. தமயந்தி எழுந்து போய் ஜன்னல் பக்கம் திரும்பி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தாள். பார்த்துவிட்டுச் சொல்ல அவனுக்கு அவளுடைய கொண்டை மட்டும்தான் கிடைத்தது. அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அவள் வேண்டுமென்றேதான் திரும்பி நிற்கிறாள் என்பது புரிந்தபோது ஏகாம்பரத்துக்கு வாழ்க்கையில் முதன்முறையாகப் பிடிமானம் போய்விட்டது. இனி அடுக்க ஒரு நாற்காலி பாக்கியில்லை. வினைச்சொல் வந்தே ஆக வேண்டும்.

"பயப்படு" என்றது வாய்.

 ஜன்னலருகே இருந்த முதுகு அசையவில்லை, ஆனால் ஒரு கை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டதை ஏகாம்பரம் பார்த்தான். ஆக அவ்வளவுதான். மூன்று வருடமாகத் தேடிய வினைச்சொல் இதுதான். பயம். இந்த லட்சணத்துக்கா இவ்வளவு ஆட்டம் ஆடினோம் என்று அவனுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. அமலோற்பவம் ஃபைலில் எதையோ எழுதக் குனிந்தார்.

ஆனால் வாய் நிற்கவில்லை. ஜுனைதா சொன்ன ஐந்து நாற்காலியில் நாலுதான் நிரம்பியிருந்தன. கடைசி நாற்காலி, 'எதை' என்பது, இன்னும் காலியாக இருந்தது.

"நான் பயப்படு," என்றான் ஏகாம்பரம், "பூர்ணி இல்லை வா."

பேனா நின்றது.

"நான் பேசு தப்பு. பூர்ணி சிரி, அப்புறம் ஒளி. நான் பத்து நாள் இல்லை தூங்கு. நான் பயப்படு பூர்ணி இல்லை வேண்டும் நான்."  தூக்கம் போனது டீயால் இல்லை என்று அந்த நொடியில்தான் அவனுக்கே தெரிந்தது. "நான் வேண்டும் பூர்ணி. நான் ரொம்ப வேண்டும் பூர்ணி."

அமலோற்பவம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்த ஃபைலுக்கு முன்னாடி ஆயிரம் வீடு பாத்திருப்பேன் சார். எல்லாரும் அழகா ஒரு வாக்கியம் சொல்வாங்க. என் முகத்தைப் பாத்துக்கிட்டே சொல்வாங்க." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அந்தப் பொண்ணு என்ன பண்ணுதுன்னு உங்களுக்குத் தெரியாதுல்ல? பத்து நாளா காப்பகத்துல ஒரே ரகளை. அக்கா, நான் சாப்பிடு பிஸ்கட். அக்கா, நான் இல்லை குளி. இப்படித்தான் பேசறா. இப்ப மத்த பசங்களும் ஆரம்பிச்சுட்டாங்க. அந்த மாமா எப்போ வா, எப்போ வான்னு என்னையே நாலு தடவை கேட்டுட்டா."

ஏகாம்பரம் அழுதான். அதற்கு எந்த மொழியிலும் வரிசை கிடையாது போலிருக்கிறது, மொத்தமாக வந்தது. அமலோற்பவம் கையெழுத்துப் போட்டு, வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வந்து கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். வாசல் வரை போனவர் திரும்பி, "அந்தச் சுவர மட்டும் வேற கலர் அடிச்சுடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கதவைச் சாத்திவிட்டு வந்தபோது தமயந்தி இன்னும் ஜன்னலருகிலேயே நின்றிருந்தாள். இப்போது இந்தப் பக்கம் திரும்பியிருந்தாள். அழுத முகம்.

ஏகாம்பரத்துக்கு ஒன்று தோன்றியது. மூன்று வருடமாக அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பதில் சொன்னானே தவிர, அவளை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. சீனத்தில் வினைச்சொல்லை இரண்டு தடவை சொல்லி, நடுவில் ஒரு இல்லையைச் செருகினால் கேள்வி. அப்படியே கேட்டான்.

"நீ வேண்டும் இல்லை வேண்டும் பூர்ணி?"

"வேணும்" என்றாள் தமயந்தி. மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "ஆனா மொதல்ல எனக்கு அந்த எண்ணமே கெடையாது."

ஏகாம்பரம் விழித்தான்.

"உங்க தம்பி கல்யாணத்துல பந்தியில உக்காந்திருந்தீங்க. பக்கத்து எலையில யாரோ ஒரு பாப்பா உங்க அப்பளத்த எடுத்துக்கிச்சு. நீங்க அத ஒண்ணும் சொல்லாம அதையே பாத்துக்கிட்டிருந்தீங்க. நான் எதிர் வரிசையில இருந்தேன். உங்க முகத்தப் பாத்தேன். அன்னிக்கு ராத்திரிதான் உங்ககிட்ட பேச்ச எடுத்தேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அது உங்க ஆசைதான்னு நெனச்சு எடுத்தேன். நீங்க என் முகத்தப் பாத்து சரின்னுட்டீங்க. அப்புறம் மூணு வருஷமா, நான்தான் தப்பா பாத்துட்டேனோன்னு எனக்குக் கிலி."

 இல்லை, தப்பாகப் பார்க்கவில்லை என்று ஏகாம்பரம் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினான்.

தமயந்தி அவனைக் கையைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தாள். எதிரில் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தானும் உட்கார்ந்தாள்.

"இன்னும் அஞ்சு நாள் இருக்குல்ல?" என்றாள். "அதுக்கப்புறம் கழட்டறதும் விடறதும் உங்க இஷ்டம், என் முகத்தப் பாக்கக் கூடாது. அதுக்கு முன்னாடி நான் கேக்க வேண்டியது நெறைய பாக்கி இருக்கு. நேராப் பாருங்க. எங்க அக்காவோட சமையலா, என் சமையலா?"